கண்ணில் பூ விழாமல் காக்க முடியும்!

மதுரையிலிருந்து ஒத்தக்கடை வழியாக, யானைமலையைத் தாண்டிப் போனால் திருவாதவூர் வரும். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் அது. அதனால்தான் அவருக்கு வாதவூரர் என்ற பெயரும் உண்டு.

அந்த ஊரில் திருமறைநாதர் கோவில் இருக்கிறது. சனி பகவானைப் பிடித்த வாத நோய் இந்தத் தலத்தில்தான் தீர்ந்தது என்பது ஐதீகம். அதனால் கை கால் முடங்கியவர்கள் வெளியூர்களிலிருந்து வந்து இங்கே வேண்டிக்கொள்கிறார்கள்.

நோய் தீர மற்றவர்கள் தேடி வரும் ஊர் திருவாதவூர். ஆனால் ஒரு நோய்க்கு மட்டும் இந்த ஊர்க்காரர் ஊரில் உட்கார்ந்திருக்கக் கூடாது. அன்றைக்கே புறப்பட்டுவிட வேண்டும். இந்த ஊருக்கு மட்டுமல்ல, நெல்லும் கரும்பும் விளைகிற எல்லா ஊருக்கும் இது பொருந்தும்.

அது என்ன நோய்? கருவிழியில் உண்டாகும் புண்!

இந்தப் புண்ணை ஒழிப்பதற்கு வைத்தியம், ரசாயனம், பௌதிகம் ஆகிய மூன்று விஞ்ஞானங்களும் கடந்த முப்பது ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகின்றன. அந்த ஆராய்ச்சிகளில் முக்கியமான பல, லண்டனிலோ நியூயார்க்கிலோ நடக்கவில்லை. மதுரையிலேயே நடந்தன. அவற்றில் பங்கு கொண்டவர்கள் பெரும்பாலும் நம் ஊர் விவசாயிகளும் கூலியாட்களும்தான்.

உமி செய்யும் வேலை

அறுவடைக் காலம். களத்துமேட்டில் நெல் தூற்றுகிறார்கள். காற்று திசை மாறுகிறது. ஒரு உமி பறந்து வந்து கண்ணில் விழுகிறது. உறுத்துகிறது. கண்ணைக் கசக்குகிறார்கள். உமி வெளியே வந்துவிடுகிறது. "போய்விட்டது" என்று சொல்லி மறுபடியும் வேலையைப் பார்க்கிறார்கள்.

இப்போது பல ஊர்களில் அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. ஆனாலும் உமியும் சருகும் பறப்பது நின்றுவிடவில்லை. கரும்புத் தோகை கண்ணில் கீறுகிறது. கருவேல முள் குத்துகிறது. மாட்டின் வால் அடிக்கிறது. எல்லாம் ஒன்றுதான்.

உமி போய்விட்டது. ஆனால் அது போட்ட கீறல் போகவில்லை!

கருவிழியின் முன்புறம் கைக்கடிகாரக் கண்ணாடி போன்ற ஒரு தெளிந்த தோல் இருக்கிறது. அதன் கனம், நடுவில் அரை மில்லிமீட்டர் அளவுதான். அதில் இரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் வெளிச்சம் உள்ளே போகாது, பார்வை தெரியாது. ஆகவே இயற்கை அதை இரத்தம் இல்லாமலே படைத்திருக்கிறது.

அதிலேதான் ஆபத்தும் இருக்கிறது. கையில் காயம் பட்டால், கிருமியை எதிர்க்கும் அணுக்களை இரத்தம் உடனே கொண்டுவந்து இறக்குகிறது. கருவிழிக்கு அந்தப் படை வருவதற்கு நேரம் ஆகும். அதற்குள் உமியோடு வந்த கிருமி கீறலில் குடியேறி விடுகிறது. இரண்டு மூன்று நாளில் கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போகிறது. கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றுகிறது.

புண் ஆறினாலும் அந்த இடம் பழையபடி தெளிவாவதில்லை. வெள்ளைத் தழும்பு நின்றுவிடுகிறது. இதைத்தான் நம் ஊர்ப் பெரியவர்கள் "கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்கிறார்கள். நடுக் கருவிழியில் பூ விழுந்தால் அந்தக் கண்ணின் பார்வை பெரும்பாலும் போனதுதான். புண் முற்றினால் கருவிழியே ஓட்டையாகிவிடும்.

மதுரையில் எடுத்த கணக்கு

இந்த நோய் எவ்வளவு பேருக்கு வருகிறது? 1993-ம் ஆண்டுக்கு மதுரை மாவட்டத்தில் கணக்கு எடுத்தார்கள். ஒரு லட்சம் பேரில் 113 பேருக்கு ஒரே வருஷத்தில் கருவிழிப் புண் வந்திருந்தது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்தின் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கைப்போல் இது பத்து மடங்கு!

மறு ஆண்டு, அதாவது 1994-ல், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் இன்னொரு ஆராய்ச்சி நடந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை மூன்றே மாதம். கருவிழிப் புண்ணோடு வந்தவர்கள் 434 பேர். அவர்களில் 284 பேருக்கு, புண் வருவதற்கு முன்பு கண்ணில் ஏதோ ஒன்று பட்டு அடி விழுந்திருந்தது. டாக்டர் எம். சீனிவாசனும் அவரது குழுவினரும் புண்ணைச் சுரண்டி எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள்.

அப்போது ஓர் உண்மை வெளிப்பட்டது. கிருமி கண்டுபிடிக்கப்பட்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேரின் கண்ணில் இருந்தது பாக்டீரியா அல்ல, பூஞ்சக்காளான்! ஈரமான சுவரிலும் பழைய ரொட்டியிலும் பூக்கிறதே, அந்த இனத்தைச் சேர்ந்தது. அதிலும் 'ஃபியூசேரியம்' என்ற காளானே அதிகம். அது வயல் மண்ணிலும் பயிரிலும் வாழ்வது.

பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து காளானைக் கொல்லாது. கடையில் வாங்கிய சொட்டு மருந்தால் ஏன் பலருக்குக் குணமாகவில்லை என்பதற்கு இதிலேயே விடை கிடைத்துவிட்டது.

இத்தனைக்கும் அரவிந்த் மருத்துவமனை பெரிதாகத் தொடங்கியது அல்ல. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அது. கீல்வாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அவர் ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். 2006-ல் அவர் காலமானார். அவர் நட்ட மரத்தின் ஒரு கிளைதான் இந்த ஆராய்ச்சி.

ரசாயனம் தந்தது: மண்ணிலிருந்து ஒரு மருந்து

காளானைக் கொல்ல மருந்து உண்டா? உண்டு. அதன் கதை வேடிக்கையானது.

1955-ம் ஆண்டு தென் ஆப்பிரிக்காவில் நேட்டால் என்ற இடத்து மண்ணிலிருந்து ஒரு நுண்ணுயிரை எடுத்தார்கள். அது ஒரு ரசாயனப் பொருளைச் சுரந்தது. அந்தப் பொருள் காளானைக் கொன்றது. நேட்டாலின் பெயரையொட்டி அதற்கு 'நேட்டமைசின்' என்று பெயர் வந்தது. மேல்நாடுகளில் பாலாடைக் கட்டியில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க இதைத் தடவுகிறார்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்தாகவும் செய்தார்கள்.

மண்ணிலிருந்து வந்த நோய்க்கு மண்ணிலிருந்தே மருந்து!

பின்னர் 'வோரிகோனசோல்' என்ற புது மருந்து வந்தது. இது 2002-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கண்ணுக்குள் ஆழமாக ஊறிச் செல்லக்கூடியது. சோதனைச் சாலையில் பல காளான்களை நன்றாகக் கொன்றது. "இனி பழைய நேட்டமைசின் எதற்கு?" என்று பல டாக்டர்கள் எண்ணத் தொடங்கினார்கள்.

யார் சொல்வது சரி? எண்ணிப் பார்த்தால் போதாது. செய்து பார்க்க வேண்டும். அரவிந்த் மருத்துவமனைகளில் டாக்டர் வெங்கடேஷ் பிரஜ்னா தலைமையில், அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து சோதனை நடந்தது. காளான் புண் வந்த 323 பேர் இதில் சேர்ந்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவது போல, பாதிப் பேருக்குப் பழைய மருந்து, பாதிப் பேருக்குப் புது மருந்து. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிக்கும் டாக்டருக்கும் தெரியாது. முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு.

2013-ல் முடிவு வெளிவந்தது. ஜெயித்தது பழைய மருந்து! நேட்டமைசின் போட்டவர்களுக்குப் பார்வை அதிகம் மிஞ்சியது. கருவிழி ஓட்டையாவதும் குறைந்தது. ஃபியூசேரியம் காளானில் அந்த வித்தியாசம் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

சொட்டு மருந்தோடு வோரிகோனசோல் மாத்திரையும் கொடுத்தால் என்ன? இந்தியாவிலும் நேபாளத்திலும் 240 பேரிடம் அதையும் சோதித்தார்கள். மொத்தத்தில் கூடுதல் பயன் இல்லை என்று 2016-ல் தெரிந்தது. மறு ஆண்டு, 2017-ல், உலக சுகாதார நிறுவனம் தனது அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் நேட்டமைசின் கண் சொட்டு மருந்தைச் சேர்த்துக்கொண்டது.

புதியது எல்லாம் நல்லது என்றோ, விலை கூடியது எல்லாம் சிறந்தது என்றோ நினைக்கக் கூடாது. மதுரை விவசாயிகளின் கண்கள் உலகத்துக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தன.

பௌதிகம் தந்தது: ஒளியின் இரண்டு முகங்கள்

பௌதிக விஞ்ஞானம் என்ன செய்தது? ஒளியைக் கொண்டுவந்தது.

புண்ணில் இருப்பது பாக்டீரியாவா, காளானா? சுரண்டி எடுத்து வளர்த்துப் பார்ப்பதற்குச் சில நாட்கள் ஆகும். இப்போது ஒருவகை லேசர் மைக்ராஸ்கோப் வந்திருக்கிறது. மெல்லிய லேசர் ஒளியை உயிருள்ள கண்ணின் மேலேயே செலுத்துகிறார்கள். ஒவ்வொரு அடுக்காக உள்ளே இருப்பது திரையில் தெரிகிறது. காளான் இருந்தால் அதன் இழைகள் நூல்போலத் தெரியும். மதுரையில் செய்த சோதனை ஒன்றின் முடிவு 2016-ல் வந்தது. காளான் உள்ள நூறு கண்களில் சுமார் 85 கண்களில் இந்தக் கருவியால் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. கத்தி இல்லை, காத்திருப்பு இல்லை!

ஒளியால் நோயைப் பார்க்க முடிகிறது. ஒளியாலேயே நோயைக் கொல்ல முடியுமா?

ஜெர்மனியில் ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தார்கள். கண்ணில் 'பி-2' வைட்டமின் கரைசலைச் சொட்டுவது. பிறகு புறஊதாக் கதிரைப் பாய்ச்சுவது. இரண்டும் சேர்ந்தால் கருவிழித் தோல் இறுகும். கூம்பு வடிவில் பிதுங்கும் கருவிழிக்கு இது நல்ல சிகிச்சை. கதிர் கிருமியையும் கொல்லுமே, புண்ணுக்கும் பயன்படுத்தலாமே என்று பல நாட்டு டாக்டர்கள் நினைத்தார்கள். சிலர் செய்யவும் தொடங்கினார்கள்.

இங்கேயும் மதுரையில் முறையாகச் சோதித்தார்கள். காளான் புண் உள்ள 111 பேர். மருந்து மட்டும் சிலருக்கு; மருந்தோடு கதிரும் சிலருக்கு. 2020-ல் வெளியான முடிவு என்ன? கதிரால் பயன் இல்லை. அது மட்டுமா? கதிர் பெற்றவர்களின் பார்வை மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது!

"அப்படியானால் இது தோல்வி அல்லவா?" என்று கேட்கலாம். இல்லை. இதுவும் வெற்றிதான். வேண்டாத சிகிச்சை ஒன்றைச் செய்துகொண்டு பணத்தையும் பார்வையையும் இழக்கவிருந்த எத்தனையோ பேரை இந்த "இல்லை" என்ற விடை காப்பாற்றியது. ஆராய்ச்சி என்றால் ஆம் என்று சொல்வது மட்டுமல்ல. இல்லை என்று துணிந்து சொல்வதும் ஆராய்ச்சிதான்.

பௌதிகத்தின் இன்னொரு உதவியும் உண்டு. அது வானொலி அலையின் உதவி. தேனிப் பக்கத்துக் கிராமங்களில் பார்வை மையங்களை அமைத்து, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களின் தொலைதூர 'வைஃபை' மூலம் மருத்துவமனையோடு இணைத்தார்கள். நோயாளி கிராமத்தில் இருக்கிறார்; டாக்டர் நகரத்தில் இருந்தபடி அவரோடு பேசிப் பார்க்கிறார். இப்போது இப்படிப்பட்ட மையங்கள் தமிழ்நாட்டில் பல சிற்றூர்களில் இருக்கின்றன.

வைத்தியம் தந்தது: மணிக் கணக்கு

மருந்தும் கருவியும் இருக்கட்டும். புண்ணே வராமல் தடுக்க முடியாதா? எல்லாவற்றிலும் பெரிய கேள்வி இதுதான். இதற்கு முதலில் விடை தேடியது நேபாளம்.

அங்கே பக்தபூர் என்ற ஊர்ப் பக்கம், கிராம ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கருவிழியில் கீறல் பட்டவர்களுக்கு அந்த ஊழியர்களே 'குளோராம்பெனிகால்' என்ற சாதாரணக் களிம்பைப் போட்டார்கள். மொத்தம் 442 பேர். 2001-ல் வந்த முடிவைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

கீறல் பட்டு 18 மணி நேரத்துக்குள் வந்தவர்கள் 284 பேர். அவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை!

18 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் வந்தவர்கள் 109 பேர். நாலு பேருக்குப் புண் வந்தது.

ஒரு நாள் கழித்து, இரண்டு நாளுக்குள் வந்தவர்கள் 49 பேர். அவர்களில் 14 பேருக்குப் புண் வந்துவிட்டது. அதாவது ஏழு பேரில் இரண்டு பேர்!

களிம்பு ஒன்றேதான், வித்தியாசம் நேரத்தில் மட்டும்தான்.

பிறகு மதுரை மாவட்டத்திலும் இதைச் செய்து பார்த்தார்கள். 48,039 மக்களைக் கிராமச் சுகாதார ஊழியர்கள் ஒன்றரை வருஷம் கவனித்து வந்தார்கள். கருவிழியில் கீறல் பட்டவர்கள் 374 பேருக்குச் சிகிச்சை தரப்பட்டது. பாதிப் பேருக்குப் பாக்டீரியா களிம்போடு காளான் களிம்பும்; மீதிப் பேருக்குப் பாக்டீரியா களிம்பும், மருந்தில்லாத வெறும் களிம்பும். 368 பேருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் கீறல் ஆறியது. இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. 2006-ல் இந்த முடிவு வெளிவந்தது.

ஆனால் ஒரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. நேபாளத்தில் மறுபடியும் பெரிய அளவில் ஒரு சோதனை நடத்தினார்கள். 24 வட்டாரங்களில் பாதியில் ஊழியர்களை வைத்தார்கள், பாதியில் வைக்கவில்லை. 2022-ல் வந்த முடிவின்படி, இரு பகுதிகளிலும் புண் வந்தவர்களின் கணக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

ஆகவே, ஊருக்கு ஓர் ஊழியரை வைத்து, அவர் கையில் ஒரு களிம்பைக் கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. கண்ணில் அடிபட்டவர் அந்த ஊழியரிடம் போக வேண்டும். "சிறு கீறல்தானே" என்று இருந்துவிடக் கூடாது. மருந்து ஊருக்குள் வந்தாலும் மனிதர் அதைத் தேடிப் போகாவிட்டால் பயன் என்ன?

தடையாக நிற்பது எது?

ஏன் மக்கள் உடனே போவதில்லை? காரணம் சோம்பல் அல்ல. அறுவடைக் காலத்தில் ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. பஸ் செலவு வேறு. துணைக்கு வருகிறவருக்கும் வேலை கெடும். "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடுவது இதனால்தான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். இன்றைக்குப் போனால் ஒரு நாள் கூலிதான் நஷ்டம். மூன்றாம் நாள் போனால் பல வாரம் மணிக்கு மணி மருந்து விட வேண்டிவரும். மாதக் கணக்கில் வேலைக்குப் போக முடியாது. அப்படியும் பார்வை திரும்பும் என்று நிச்சயம் இல்லை.

இரண்டாவது தடை, வீட்டு வைத்தியம். "பிள்ளைப்பால் இரண்டு சொட்டு விட்டால் சரியாகிவிடும்" என்று அப்பத்தா சொல்லுவார். அன்பினால் சொல்வதுதான். ஆனால் பாலும், இலைச் சாறும், விளக்கெண்ணெயும் கீறல் பட்ட கண்ணுக்குள் கிருமியைக் கொண்டுபோய் விடலாம். துணி முனையாலும் நாக்காலும் உமியை எடுப்பதும் அப்படியே.

மூன்றாவது தடை மிகவும் கொடியது. டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து! சில மருந்துகளில் 'ஸ்டீராய்டு' கலந்திருக்கும். அதைப் போட்டதும் சிவப்பு குறையும், வலி குறையும். "ஆகா, குணமாகிவிட்டது" என்று தோன்றும். ஆனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அது அடக்கிவிடுவதால், உள்ளே காளான் தடையில்லாமல் வளரும். வெளியே அமைதி; உள்ளே அழிவு!

என்ன செய்ய வேண்டும்?

கண்ணில் ஏதாவது பட்டால் கசக்கக் கூடாது. சுத்தமான தண்ணீரால் கண்ணைத் திறந்து மூடிக் கழுவ வேண்டும். முள் குத்திக்கொண்டு நின்றால் பிடுங்கக் கூடாது. அப்படியே டாக்டரிடம் போக வேண்டும்.

கழுவிய பின்பும் உறுத்தல் நிற்கவில்லையா? வலி, நீர் வடிதல், கூச்சம், சிவப்பு இருக்கிறதா? மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ, கண் மருத்துவமனைக்கோ, பக்கத்துப் பார்வை மையத்துக்கோ போக வேண்டும். நெல் தூற்றும்போதும், கரும்பு வெட்டும்போதும், முள் வெட்டும்போதும் ஒரு சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் பெரும்பாலான கீறல்கள் வராமலே போகும்.

பூ விழுந்துவிட்ட கண்ணுக்கும் வழி இல்லாமல் இல்லை. இறந்தவர் தானமாகக் கொடுத்த கருவிழியை வைத்துத் தைக்கலாம். அதற்குக் கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். ஆனால் தானம் கிடைக்க வேண்டும். தைத்தது ஒட்ட வேண்டும். வருமுன் காப்பதே மேல்.

மண்ணில் இருந்த மருந்தை ரசாயனம் எடுத்துக் கொடுத்தது. கண்ணுக்குத் தெரியாத காளானைப் பௌதிகம் காட்டிக் கொடுத்தது. எது பலிக்கும், எது பலிக்காது என்பதை வைத்தியம் சோதித்துச் சொன்னது. மூன்றும் தங்கள் பங்கைச் செய்துவிட்டன. மீதி இருப்பது ஒன்றே ஒன்று. களத்துமேட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போகும் பயணம்.

திருவாதவூரிலிருந்து மதுரைக்கு ஒரு பஸ் பயணம்தான். அந்தப் பஸ்ஸை இன்றே பிடித்தால் கண் பிழைக்கும். நாளை மறுநாள் பிடித்தால், பிழைக்கும் என்று சொல்ல எந்த விஞ்ஞானியாலும் முடியாது.